ரோஜா நிறத்துக்காக நின்ற நாரை

ஏரி நடுவே நின்ற கருவேல மரத்தில் செவ்வரி என்ற மஞ்சள் மூக்கு நாரையும் அவன் மனைவி தாழையும் கூடு கட்டியிருந்தார்கள். கூட்டில் ஒரே ஒரு குஞ்சு. பிறந்து ஐந்து நாள்தான். உடம்பில் இறகுகூட முளைக்கவில்லை.

நாரைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மீன் பிடிக்கப் போனால், மற்றவர் சிறகை விரித்து நின்று குஞ்சுக்கு நிழல் தர வேண்டும். அன்று மீனுக்குப் போவது தாழையின் முறை.

"வெயில் ஏறுது. பிள்ளைய விட்டு நகராதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கரையில் புங்கமர நிழலில் ஓர் ஓவியர் உட்கார்ந்து, தண்ணீரில் நின்ற வெள்ளைக் கொக்கை வரைந்துகொண்டிருந்தார். செவ்வரிக்கு வயிறு எரிந்தது. கொக்கில் வரைய என்ன இருக்கிறது, காகிதத்தைச் சும்மா விட்டாலே கொக்குதானே என்று பக்கத்துக் கிளையில் அடைகாத்த நீர்க்காகத்திடம் புலம்பினான். தன் வாலோரத்து ரோஜா இறகுகளைப் பார்த்தால் அந்த மனிதர் அசந்துபோவார் என்றான்.

"அண்ணே, குஞ்சு வெயில்ல கிடக்குமே! நான் முட்டைய விட்டு எழுந்திரிக்க முடியாதே," என்றது நீர்க்காகம்.

"இதோ, போனதும் வந்துடுவேன்!" என்று சொல்லிக் கரைக்குப் பறந்தான்.

அவன் நினைத்தபடியே ஓவியர் கொக்கை ஓரங்கட்டிவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். செவ்வரி அருகில் போய் ஒற்றைக் காலில் ஆடாமல் அசையாமல் நின்றான். அலகு ஆயிற்று, கால் ஆயிற்று. கிளம்பலாம் என்று நினைத்தான். ஆனால் ரோஜா நிறத்தை அவர் இன்னும் தொடவில்லையே! அது இல்லாத படம் என்ன படம்? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றான். நீர்க்காகம் கத்தியது காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டான்.

உச்சி வெயிலில்தான் அந்த நிறம் தாளில் ஏறியது. செவ்வரி பூரிப்போடு கூட்டுக்குப் பறந்தான்.

தாழை வந்திருந்தாள். அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சின் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். குஞ்சு வாய் திறக்கவில்லை; அதன் உடம்பில் அசைவே இல்லை.

"இன்னொரு தடவை ஊத்திப் பாரேன்," என்றான்.

"மூணு தடவை ஊத்திட்டேன்."

அவள் சிறகை விரித்து, குஞ்சுக்கு நிழல் தந்து நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

கரையில் படம் காய்ந்துகொண்டிருந்தது. நிஜமாகவே அழகான படம்தான். செவ்வரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நாலு பேர் பார்க்க நிற்கும் ஆசையில், நம்மை மட்டுமே நம்பியிருக்கும் உயிரை ஒரு பொழுதுகூட விட்டுப் போகக் கூடாது.