காட்டெருமையின் வெள்ளைக் கால்கள்

அந்தக் காலத்தில் காட்டெருமைக்குக் கொம்பு நுனியிலிருந்து குளம்பு வரை ஒரே கறுப்பு. அப்போது விலங்குகள் பேசும். மனிதர்களும் நின்று பதில் சொல்வார்கள்.

மேகம் வந்து தங்கிப்போகும் ஒரு மலைமடிப்பில் கொஞ்சம் குடிசைகள் இருந்தன. அங்கிருந்தவர்கள் சாமை விதைத்தார்கள், கிழங்கு தோண்டினார்கள், தேன் எடுத்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் எல்லோரும் களத்தில் கூடி, கைகோத்து, வட்டமாக ஆடுவார்கள். மாதன் நடுவில் நின்று மேளம் அடிப்பான். அவன் அண்ணன் சடையன்தான் ஆட்டத்தை எடுத்துக் கொடுப்பவன். சடையனின் கையைப் பிடித்தபடி அவன் மனைவி நஞ்சி ஆடுவாள். அவன் கால் மாற்றினால் வட்டம் முழுவதும் கால் மாறும். அந்தக் குடிகளுக்கு இருந்த விளையாட்டும் கொண்டாட்டமும் அது ஒன்றுதான்.

ஒருநாள் தேனெடுக்கப் போன சடையன், பனிமூட்டத்துக்குள் கன்றோடு நின்ற ஒரு காட்டெருமைக்கு எதிரே போய்விட்டான். தாய் எருமை மிரண்டு ஒரே முட்டு முட்டியது. கூடப் போனவர்கள் அவனைத் தூக்கி வந்தபோது உடம்பில் உயிரில்லை.

நஞ்சி அதன்பிறகு களத்துப் பக்கம் போகவில்லை. "மேளம் கேட்டா அவரு காலுதான் கண்ணு முன்னால வருது" என்றாள். மாதன் மேளத்தைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டான். பிள்ளைகள்கூடச் சத்தமில்லாமல் விளையாடினார்கள். மாதன் மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து ஈட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த அறுவடை முடிந்தது. ஒரு சாயங்காலம் சோலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிக் களத்தை மூடியது. மூட்டத்துக்குள் ஏதோ பெருமூச்சு விட்டது. பனி மெல்ல விலகியபோது, களத்தின் விளிம்பில் அந்தக் காட்டெருமை நின்றது. பக்கத்துக் குடிசையின் கூரை அதன் திமிலுக்குக் கீழே இருந்தது. அது விட்ட மூச்செல்லாம் குட்டி மேகமாக எழுந்து போனது. வயிற்றடியில் கன்று ஒட்டிக்கொண்டு நின்றது. ஓடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. குடிசைகளை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள். நஞ்சியும் வந்து அதற்கு எதிரே நின்றாள்.

மாதன் ஈட்டியோடு பாய்ந்து வந்தான். "அண்ணி, நகருங்க! இதுதான் அண்ணனைக் கொன்னது!"

"நான்தான்" என்றது காட்டெருமை. பாறைக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது அந்தக் குரல். "கன்னைப் புடிக்க வந்தவன்னு நெனச்சுட்டேன், நஞ்சி. முட்டினப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். ஆட்டக்காரரு."

நஞ்சி நிமிர்ந்தாள். "அவரை உனக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? நீங்க ஆடும்போது நாங்க எல்லாரும் சோலை ஓரத்துல வந்து நிப்போம். உங்க கண்ணுக்குத் தெரியாது. அந்த மேளம் நின்னதுக்கப்புறம் மலையே ஊமையாப் போச்சு. மான் மேயாம நிக்குது. குருவி கூவ யோசிக்குது. எல்லாம் என்னால." காட்டெருமை மாதனின் பக்கம் திரும்பித் தலையைத் தாழ்த்தியது. "குத்திடு. கன்னை மட்டும் விட்டுடு. அப்புறம் அந்த மேளத்தை எறக்கு."

மாதன் ஈட்டியை ஓங்கினான். நஞ்சி அவனைத் தாண்டி நடந்தாள். காட்டெருமையின் நெற்றிக்கு அருகே போய் நின்றாள். அதன் கண்கள் அவள் உள்ளங்கை அளவுக்கு இருந்தன. இரண்டிலும் தண்ணீர்.

கையை நீட்டி அந்த நெற்றியைத் தொட்டாள். "தம்பி, ஈட்டியைக் கீழ போடு. மேளத்தை எறக்கு."

"அண்ணி!"

"எறக்கு தம்பி."

பனி ஈரத்தில் கால் வழுக்காமலிருக்க, பெண்கள் அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து களமெங்கும் கனமாகப் பரப்பினார்கள். வட்டம் கூடியது. நஞ்சிக்குப் பக்கத்தில் போய் நிற்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. அவள் அந்த வெற்றிடத்தைக் காட்டினாள்.

"அவரு நின்ன எடம். வந்து நில்லு."

காட்டெருமை வந்து நின்றது. நஞ்சி அதன் கழுத்தில் கை வைத்தாள்.

முதல் அடிகளில் மாதனின் கை தடுமாறியது. பிறகு தாளம் பிடிபட்டது. காட்டெருமை ஒரு காலை எடுத்து வைத்தது. அந்த அதிர்வு தரை வழியாக எல்லோருடைய உள்ளங்காலிலும் ஏறியது. சடையன் எந்த இடத்தில் கால் மாற்றுவானோ, அதே இடத்தில் அது கால் மாற்றியது. வட்டம் முழுவதும் அதோடு சேர்ந்து மாறியது. நஞ்சி வாய்விட்டு அழுதாள். ஆட்டத்தை மட்டும் விடவில்லை. தாயின் காலடியில் கன்று துள்ளியது. சோலையின் கிளைகளில் குரங்குகள் அசையாமல் அமர்ந்திருந்தன. சரிவெங்கும் மான்கள், கரடிகள், காட்டுப்பன்றிகள் நின்றன. இத்தனை உயிர்கள் தங்களைச் சுற்றி இருந்ததை அந்த மனிதர்கள் அதுவரை கண்டதில்லை. யாரோ ஒருத்தி ஆடியபடியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

சாம்பல் புகையாக எழுந்தது. காட்டெருமையின் ஈரக் கால்களிலும் கன்றின் கால்களிலும் முழங்கால் வரை அப்பிக்கொண்டது.

வெளிச்சம் மங்கியதும் காட்டெருமை கன்றை அழைத்துக்கொண்டு போனது. வழியில் ஓடையில் இறங்கிக் கால் கழுவியது. எவ்வளவு நேரம் நின்றும் சாம்பல் போகவில்லை. கன்றுக்கும் போகவில்லை.

அன்று முதல்தான் காட்டெருமைகள் முழங்கால் வரை வெள்ளையோடு நடக்கின்றன; அந்த மலையில் ஆடுகிறவர்களும் அன்று முதல்தான், வட்டத்தை முழுதாக மூடாமல், ஓர் உயிர் வந்து நிற்க இடம் விட்டுக் கைகோக்கிறார்கள்.