மேட்டுச் சரிவில் ஒரு கேரட் தோட்டம்

பனியடுக்கு மலைக்காட்டில் குறுமுள்ளி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். அதே காட்டில்தான் கரடுமூக்கன் என்ற காட்டுப்பன்றியும் இருந்தான்.

அந்த மலையில் மார்கழியும் தையும் வந்துவிட்டால் விலங்குகளுக்கு வயிறு ஒட்டிப்போகும். உறைபனி விழுந்து புல்லெல்லாம் கருகிவிடும். கிழங்கு தோண்டலாம் என்றால் மண் கல்லாக இறுகிக் கிடக்கும். போன குளிர்காலத்தில் குறுமுள்ளி மரப்பட்டையைக் கடித்தே உயிர் பிழைத்தாள்.

"இந்த வருடம் பட்டினி கிடக்க மாட்டேன். நானே காய்கறி போடப் போகிறேன்!" என்று புரட்டாசி பிறந்ததும் முடிவெடுத்தாள்.

ஊர்த் தோட்டங்களின் வேலியோரம் முற்றிக் காய்ந்து நின்ற செடிகளிலிருந்து விதை சேர்த்தாள். ஓடைக்கரைப் பள்ளத்தில் கறுப்பு மண் வெண்ணெயாக இருந்தது. அங்கே நான்கு பாத்தி கட்டியிருப்பாள். அதற்குள் கரடுமூக்கன் வந்து நின்றான்.

"யாரைக் கேட்டு இங்கே கிண்டுகிறாய்? இது என் இடம்!"

"நேற்றுவரை இங்கே யாருமே இல்லையே, அண்ணே!"

"நேற்று இல்லை, இன்று இருக்கிறேன்! வேண்டுமானால் அதோ, அந்த மேட்டுச் சரிவை எடுத்துக்கொள். கல்லும் முள்ளும்தான் கிடக்கிறது. உனக்கு ஏற்ற இடம்!"

அவன் உருவத்துக்கு முன்னால் அவள் எம்மாத்திரம்? விதைகளைப் பொறுக்கிக்கொண்டு மேலே ஏறினாள். கண் கலங்கியது. பாதி வழியில் சட்டென்று நின்றாள்.

போன மார்கழியில் ஒரு காலை நேரம். இரை தேடி இதே வழியில் போனாள். கீழே பள்ளம் முழுக்க உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளையாக இருந்தது. இந்தச் சரிவிலோ புல் பச்சையாகவே நின்றது. அன்று பசி மயக்கத்தில் அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. இன்று யோசித்தாள்.

"குளிர் தண்ணீரைப் போல இறங்கிப் போய்ப் பள்ளத்தில் தேங்குகிறது! மேட்டில் அது நிற்பதில்லை!"

துள்ளிக்கொண்டு மேலே ஓடினாள்.

கற்களைப் பெயர்த்து, வாடைக்காற்று வீசும் பக்கமாக ஒரு குட்டைச் சுவர் எழுப்பினாள். கால் நகங்கள் தேய்ந்தன. பக்கத்து மரத்திலிருந்து செவ்வாலி என்ற பெரிய அணில் எட்டிப் பார்த்தாள்.

"குளிர் வரப்போகிற நேரத்தில் யாராவது விதைப்பார்களா, அக்கா?"

"குளிரைத் தாங்கும் காயாகப் பார்த்துத்தான் விதைக்கிறேன். கேரட், முள்ளங்கி, முட்டைக்கோஸ். நீ ஒரு உதவி செய்வாயா? காய்ந்த சருகும் பெரணி இலையும் வேண்டும். நிறைய வேண்டும்!"

"சருகா? சருகை யார் தின்பது?"

"செடிக்குப் போர்வை, அம்மா!"

செவ்வாலி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் சருகு சுமந்தாள்.

கீழே கரடுமூக்கன் தக்காளியும் அவரையும் பூசணியும் போட்டான். கார்த்திகைக்குள் அவன் தோட்டம் புதராக மண்டிவிட்டது.

"குறுமுள்ளி! என் தக்காளியைப் பார்! உன் கேரட் என் மூக்குமுடி அளவுகூட இல்லையே!" என்று தினமும் கத்துவான்.

அவள் தன் வேலையில் கண்ணாக இருந்தாள். பொழுது சாயும்போது பாத்திகளைச் சருகால் மூடினாள். வெயில் ஏறியதும் விலக்கினாள். ஒருநாள் கூடத் தவறவில்லை.

மார்கழி இரண்டாம் வாரம் உறைபனி விழுந்தது. விடிந்தபோது கரடுமூக்கனின் தோட்டத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. வெந்நீர் ஊற்றியதுபோல் தக்காளியும் அவரையும் கறுத்துத் துவண்டு கிடந்தன. பூசணி அழுகிப் பிசுபிசுத்தது. அவன் அண்ணாந்து பார்த்தான். மேட்டில், சருகு விலக்கிய பாத்திகளில் பச்சைப் பசேலென்று ஒரு தோட்டம்!

நேராகக் காட்டின் தலைவரான காட்டெருமை பெருங்கொம்பரிடம் ஓடினான். அன்று மதியமே விலங்குகள் எல்லாம் கூடின.

"ஐயா, இவள் சூனியக்காரி! என் தோட்டத்தை ஒரே நாளில் கருக்கிவிட்டாள். இவளைக் காட்டைவிட்டுத் துரத்த வேண்டும். மேட்டுத் தோட்டத்தை எனக்கு ஈடாகத் தர வேண்டும்!"

பசியோடிருந்த விலங்குகள் முணுமுணுத்தன. "ஒரே பனிதானே எல்லார்மேலும் விழுந்தது? இவளுடையது மட்டும் எப்படிப் பிழைத்தது?" என்றது ஒரு முயல்.

குறுமுள்ளி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். காடும் போகும், தோட்டமும் போகும்! இருந்தாலும் தலை நிமிர்ந்து பேசினாள்.

"ஐயா, நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். நாளை சூரியன் உதிக்கும்போது எல்லாரும் வாருங்கள். உங்கள் காலே உங்களுக்குச் சொல்லும்!"

மறுநாள் காலை எல்லாரும் வந்தார்கள். முதலில் பள்ளத்தில் இறங்கினார்கள். பெருங்கொம்பரின் குளம்பு பட்டதும் மண்மேல் இருந்த பனி மொறுமொறுவென்று நொறுங்கியது.

"ஐயோ, என் கால் மரத்துப் போச்சு!" என்று முயல் குதித்தது.

பிறகு மேட்டுக்கு ஏறினார்கள். அங்கே கால் மரக்கவில்லை. குறுமுள்ளி ஒரு பாத்தியைக் காட்டினாள்.

"கரடுமூக்கு அண்ணே, அந்தச் சருகுக்குள் மூக்கை நுழைத்துப் பாருங்கள்!"

அவன் தயங்கினான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் நுழைத்தான்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் பெருங்கொம்பர்.

"கத... கதகதப்பாக இருக்கிறது," என்றான் கரடுமூக்கன்.

"அவ்வளவுதான் ஐயா என் சூனியம்! பள்ளத்தில் குளிர் தேங்கும், மேட்டில் தேங்காது. காற்றைக் கல் தடுக்கும். பகல் சூட்டைச் சருகு பிடித்து வைக்கும். அவர் போட்டது வெயில் காலத்துக் காய். நான் போட்டது குளிரைத் தாங்கும் காய்."

சொல்லிக்கொண்டே ஒரு கேரட்டைப் பிடுங்கி நீட்டினாள். பெருங்கொம்பர் கடித்தார். அவர் கண்கள் விரிந்தன.

"இப்படி இனிக்கிறதே!"

"பனிக்கு முன்னால் நானும் ஒன்றைத் தின்று பார்த்தேன், சப்பென்று இருந்தது. பனி பட்ட பிறகுதான் ஐயா இந்த ருசி!"

கூட்டம் ஆரவாரித்தது. செவ்வாலி கிளைக்குக் கிளை பாய்ந்து, "நான் சுமந்த சருகு! நான் சுமந்த சருகு!" என்று கூவினாள்.

"தோட்டம் குறுமுள்ளியுடையது. இந்தச் சரிவு முழுவதும் இனி அவள் சொல்படிதான்!" என்று தீர்ப்புச் சொன்னார் பெருங்கொம்பர்.

கரடுமூக்கன் நழுவப் பார்த்தான். ஆனால் கேரட் வாசனை அவனை விடவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"எனக்கும்... ஒன்றே ஒன்று..."

"தருகிறேன், அண்ணே! அதற்கு முன் அந்தப் பாறைமேல் ஏறி, 'குறுமுள்ளி செய்தது சூனியம் இல்லை, உழைப்பு!' என்று மலை முழுக்கக் கேட்கும்படி சொல்லுங்கள்."

சொன்னான். எதிர்மலையே திரும்பிச் சொல்லும் அளவுக்குக் கத்திச் சொன்னான். அவள் ஒன்றல்ல, மூன்று கேரட் கொடுத்தாள்.

விளைந்ததைக் குறுமுள்ளி எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்ததால், அந்தத் தை மாதம் காட்டில் ஒரு விலங்குகூட மரப்பட்டையைக் கடிக்கவில்லை. அடுத்த புரட்டாசியில் சரிவு முழுக்கப் பாத்திகள்! முயலும் மானும் அணிலும் வரிசையில் நின்று விதைக்க, நடுவில் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு ராணியைப் போல நடந்தாள் குறுமுள்ளி.

நல்ல நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவருக்கு அல்ல, கிடைத்த நிலத்தின் குணத்தையும் காலத்தின் போக்கையும் அறிந்து உழைப்பவருக்கே விளைச்சல் சொந்தமாகும்.