திறந்த கொக்கி

மலையடிவாரத்துப் பறப்பு மைதானம் ஒன்றில் இரட்டை இறக்கை விமானம் ஒன்று இருந்தது. பழைய உழைப்பாளி. வயலுக்கு மருந்தடித்தது. எத்தனையோ பேருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தது. கடைசிப் பதினொரு வருஷம், என்ஜின் இல்லாத கிளைடர்களைக் கயிறு கட்டி வானத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டது. போன மாதம் விழுந்து நொறுங்கியது. ஓட்டிய பூபாலன் போய்ச் சேர்ந்தார்.

பின்னால் வந்த கிளைடர் அளவுக்கு மீறி மேலே ஏறிவிட்டது. கயிறு விமானத்தின் வாலைத் தூக்க, மூக்கு மண்ணைப் பார்த்தது. அந்த நேரத்தில் விமானி கைப்பிடியை இழுத்தால் வாலில் உள்ள கொக்கி திறந்து கயிறு கழன்றுவிட வேண்டும். கழலவில்லை.

விபத்தை ஆராய்ந்த மைதானப் பாதுகாப்பு அதிகாரி சடகோபனுக்கு மெக்கானிக் மரியதாஸ் மேல்தான் சந்தேகம். பராமரிப்புப் புத்தகத்தை மூன்று நாள் புரட்டினான். தினமும் காலையில் அதே வரி: 'கைப்பிடி இழுத்துப் பார்க்கப்பட்டது. கொக்கி திறந்தது.' கீழே மரியதாஸின் கையெழுத்து. ஒரு நாள் விடுதல் இல்லை, ஒரு குறை இல்லை. இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவனை எப்படி நம்புவது? சாவு வீட்டில் அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாததும் உறுத்தியது. மரியதாஸ் வாங்கித் தந்த டீயைக்கூடச் சடகோபன் தொடாமல் ஆறவிட்டான்.

திங்கட்கிழமை விசாரணை. சடகோபன் சொல்வதைப் பொறுத்துத்தான் மரியதாஸின் லைசென்ஸ்.

தலைமைப் பொறியாளர் எப்சிபாவிடம் போனான். சடகோபன் உட்பட ஷெட்டில் எல்லோருக்கும் அவர்தான் வாத்தியாரம்மா.

"பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கான், மேடம்."

"அவன் பார்க்காததை நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? கொக்கி திறக்கலையே!"

எப்சிபா எழுந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார். அதே ரகத்தில் இன்னொரு விமானம் ஷெட்டில் நின்றது.

"இதுக்கு இன்னைக்குக் காலைப் பரிசோதனையை நீங்க பண்ணுங்க."

சடகோபன் வழக்கப்படி கொக்கியில் கயிற்றை மாட்டித் தரையில் தொங்கவிட்டான். இருக்கையில் ஏறிக் கைப்பிடியை இழுத்தான். டக்கென்று திறந்தது.

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டான்.

எப்சிபா கயிற்றை மறுபடி மாட்டி, அதன் மறுமுனையை மேலே உத்தரத்துச் சங்கிலிக் கப்பியில் கோத்தார். மரியதாஸைக் கூப்பிட்டுச் சங்கிலியை இழுக்கச் சொன்னார். கயிறு விறைத்தது. விமானத்தின் வால் தரையை விட்டு எழும்பியது.

"இப்ப கைப்பிடியை இழுங்க."

இழுத்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். காலை முட்டுக்கொடுத்து இழுத்தான்.

"காலையில சாப்பிட்டீங்களா, சார்?" கீழேயிருந்து மரியதாஸ் கேட்டான்.

சடகோபன் வியர்த்துப்போய் இறங்கினான். "இந்தக் கொக்கியிலயும் யாரோ கை வச்சிருக்காங்க, மேடம்."

எப்சிபா கண்ணைக் காட்ட, மரியதாஸ் சங்கிலியைத் தளர்த்தினான். வால் இறங்கியது. எப்சிபா எட்டி, கைப்பிடியை ஒரே விரலால் இழுத்தார். கொக்கி திறந்தது.

சடகோபன் மரியதாஸைப் பார்த்தான். பிறகு, தான் சற்றுமுன் போட்ட கையெழுத்தைப் பார்த்தான்.

"அப்ப நான் யாரைத்தான் சந்தேகப்படறது?"

"கயிறைத் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்தாப் போதும்னு உங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தது நான்" என்றார் எப்சிபா. "திங்கக்கிழமை அங்கேருந்து ஆரம்பிங்க."