ஈயக்குண்டின் அடிக்குழி

“அம்மையே, எந்தக் கடலிலும் தரை தட்டாத நான் என் வீட்டில் தரை தட்டி நிற்கிறேன்.”

இப்படிச் சொன்னவர் கப்பித்தான் சந்தியாகு மிராந்தா. நீராவிக் கப்பல்கள் புதிதாய்ப் புகைவிடத் தொடங்கிய காலத்தவர். மீசை அரும்புமுன் வெள்ளையரின் கடற்படையில் சேர்ந்தார். கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் எழுதும் கப்பலுக்குத் தலைவராய் உயர்ந்தார். வெண்தாடியோடு கரை இறங்கினார். கடமையில் குறைவற்ற மனிதர். அத்தகையவரே பெரிதும் இரங்கத்தக்கவர்.

அவர் முன்னே அமர்ந்திருந்தவர், புன்னைக்காயல் கழிமுகத்தில் குடில் கட்டி வாழ்ந்த ஞானி. கப்பித்தானைவிட வயதில் இளையவர். ‘கழிமுகத்து அம்மை’ என்றே ஊரார் அழைத்தனர்.

“பாறையா, மணலா?” என்றார் அம்மை.

“எது?”

“தரை தட்டினேன் என்றீரே. எதில் தட்டினீர்?”

“தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் வந்தேன்.”

“சொல்லும்.”

“பணி ஓய்ந்து வீடு வந்தபின் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. என் மனைவி மதலேன் வேளை தவறாமல் உணவு பரிமாறுகிறாள். என் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள். பேசுவதில்லை. நாள்தோறும் ‘நலமா?’ என்று கேட்கிறேன். ‘நலம்’ என்கிறாள். அவ்வளவே.”

“எப்படிக் கேட்கிறீர்? கேட்டுக் காட்டும்.”

கப்பித்தான் எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டி, மார்பை நிமிர்த்தி, “நலமா?” என்றார்.

நீரோரம் நின்ற நாரை எழும்பிப் பறந்தது.

“பாவம், அதற்கும் வேலை வைத்துவிட்டீர்,” என்றார் அம்மை.

கப்பித்தானும் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது.

“நான் கண் மூடுமுன் அவள் என்னோடு ஒருமுறையேனும் மனம்விட்டுப் பேச வேண்டும், அம்மையே. வேறொன்றும் வேண்டேன்.”

அம்மை அவருடைய தோள்பையைச் சுட்டினார்.

“அதில் என்ன? இவ்வளவு கனமாய்த் தொங்குகிறதே.”

“ஈயக்குண்டு. விடைபெற்ற நாளில் என் மாலுமிகள் தந்தார்கள். கயிற்றில் கட்டி நீரில் விட்டால் ஆழம் சொல்லும்.”

“விடும், பார்ப்போம்.”

கப்பித்தான் துறையின் விளிம்பில் நின்று குண்டை வீசினார். கயிறு அவர் விரல்களிடையே வழுக்கி ஓடி நின்றது. குரலில் இளமை திரும்பிற்று.

“மூன்று பாகம்! மூன்று ஆள் ஆழம்!”

“அடியில் கிடப்பது என்ன?”

குண்டை மேலே இழுத்தார். அது கழுவி வைத்த பாத்திரம்போல் மின்னியது.

“இப்போது சொல்ல இயலாது. குண்டின் அடியில் இந்தக் குழியைப் பாருங்கள். கொழுப்பும் மெழுகும் குழைத்து இதில் அப்பி விடுவோம். மணலோ, சிப்பியோ, சேறோ, கீழே கிடப்பது அதில் ஒட்டிக்கொண்டு வரும். இன்று அப்ப மறந்துவிட்டேன்.”

“அப்பாவிட்டால் ஒட்டாதோ?”

“எப்படி ஒட்டும், அம்மையே? ஈயம் இறுகியது. மென்மையாய் ஒன்று முதலில் இங்கிருந்து போனால்தானே, அங்கிருந்து…”

அவர் குண்டின் வெறுங்குழியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அம்மை ஈரக் கயிற்றைச் சுருட்டி அவர் கையில் வைத்தார்.

“போய்வாரும். வீட்டில் சோறு காத்திருக்கும்.”

அன்று மதலேன் இலை போட்டுச் சோறு பரிமாறினார். கப்பித்தான் நலம் கேட்கவில்லை.

“மதலேன், ஒரு புயலில் நான் அழுதேன்.”

அகப்பை நின்றது.

“மன்னார்க் கடலில், பாய்மரம் முறிந்தபோது. வீட்டிலிருந்து ஒரு பகல் தொலைவுதான். மாலுமிகள் காணக்கூடாதென்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். உன் பெயரைச் சொல்லி அழுதேன். எவரிடமும் இதைச் சொன்னதில்லை.”

மதலேன் அவர் முகத்தையே பார்த்திருந்தார். அதில் மீசை நடுங்கிக்கொண்டிருந்தது.

“எந்தப் புயல்?”

“நம் சின்னவன் பிறந்த ஆண்டு வந்ததே, அது.”

கணவர் உண்ணும்போது மதலேன் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அகப்பையைக் கீழே வைத்தார். அவர் இருந்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“அது இங்கேயும் வந்தது,” என்றார். “கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிள்ளை நனையாமல் குனிந்து மூடிக்கொண்டேன். கூரையில்லாத வீட்டில் கதவை மட்டும் சாத்திக்கொண்டு, நானும் அழுதேன்.”