இடுப்புப் பிடிப்பு

என் வீட்டுக்காரர் சிங்காரம், கல்யாண மண்டப முதலாளி தெய்வநாயகத்தின் கார் டிரைவர். கார் ஓட்டும்போது முதலாளி கூப்பிட்டாரென்று போனை எடுத்துப் பேசியதில், லைசென்ஸை மூன்று மாதம் முடக்கிவிட்டார்கள். முதலாளியிடமும் தெருவிலும் சொல்ல வெட்கப்பட்டு, இடுப்புப் பிடிப்பு என்று வீட்டில் படுத்துக்கொண்டார்.

முதலாளி தானே காரை எடுத்துப் போய், இளநீர் வியாபாரி ஒருவரின் காலை முறித்துவிட்டார். உடனே எங்களை ஸ்டேஷனுக்கு வரவழைத்தார்.

"நீதான் ஓட்டினேன்னு சொல்லுடா. என் சோத்தைத் தின்னவன்தானே?" என்று எல்லார் முன்னாலும் அதட்டினார். இவர் ஜெயிலுக்குப் போனால் என் கதி என்ன என்று இவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன்.

"சரிங்க முதலாளி" என்று கைகட்டி நின்றார் இவர்.

"லைசென்ஸ் எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இவர் தலை குனிந்தார். "முடக்கி வச்சிருக்காங்க ஐயா. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டி இடிச்சா, இன்சூரன்ஸ்காரங்க நஷ்டஈட்டை வண்டி சொந்தக்காரர்கிட்டயே வசூல் பண்ணுவாங்களாமே? எனக்குச் சொந்தமா சைக்கிள்கூட இல்லை. முதலாளிக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு என் பேரை எழுதுங்க."

முதலாளி பதறி எழுந்தார். "இவன் எங்கே ஓட்டினான்? நான்தான் ஓட்டினேன்!"

ஸ்டேஷனே சிரித்தது. முதலாளி தரையைப் பார்த்தார். இவரும் தரையைத்தான் பார்த்தார்.

"தப்பிச்சோம்ங்க" என்றேன், வெளியே வந்ததும்.

"லைசென்ஸ் போனது நம்ம தெருவுக்கும் தெரிஞ்சிடுமேடி" என்றார்.

தெருமுனையில் எதிர்வீட்டுக்காரர் நின்றிருந்தார். இவர் சட்டென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். நானும் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டேன்.