கெண்டைப்பொடியின் உண்ணாவிரதம்

கொக்கரசம்பட்டிக்காரர்கள் எதையும் கூடிப் பேசாமல் செய்ய மாட்டார்கள். கூடிப் பேசித்தான் ஊர் இந்த நிலைமைக்கு வந்தது என்று யாராவது சொன்னால், அதைப் பற்றியும் கூடிப் பேசுவார்கள்.

அந்த ஊர் ஓடையில் ஒரு மடு. கோடையில் ஊருக்கே குடிதண்ணீர் அதுதான். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கெண்டைப்பொடி மீன்களுக்கும் வீடு அதுதான். அதை மண்ணடித்துத் தூர்த்து பஸ் நிலையம் கட்டப் போவதாகச் சேதி வந்தது. சங்கத் தலைவர் உய்க்காட்டான், செயலாளர் தளவாய், பொருளாளர் மூக்காண்டி மூவரும் மனுவோடு தாசில்தாரிடம் போனார்கள். சங்கத்தில் வேறு உறுப்பினர் கிடையாது.

தாசில்தார் மனுவைப் பிரிக்கவில்லை. மடு போனால் யாருக்கு நஷ்டமோ அவர்கள் வந்து போராடட்டும், உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

யாருக்கு நஷ்டம்? மடுவிலிருந்து குடத்தோடு வந்த பெண்களுக்கு ஒதுங்கி வழிவிட்டபடியே மூவரும் யோசித்தார்கள். கடைசியில் தளவாய்க்குப் பிடிபட்டது. மீனுக்கு.

மறுநாள் தாலுகா ஆபீஸ் வாசலில் பந்தல் எழுந்தது. நடுவில் ஒரு மிட்டாய் பாட்டில், அதன் கழுத்தில் மாலை, உள்ளே ஒரே ஒரு கெண்டைப்பொடி. எதிரே ‘உண்ணாவிரதம்’ என்று அட்டை. போராடுகிறவர்தான் தலைவர் என்பதால் உய்க்காட்டான் பதவியை மீனிடம் ஒப்படைத்துவிட்டு, மற்ற இருவரோடு பக்கத்தில் பட்டினி உட்கார்ந்தார். புதுத் தலைவர் திருட்டுத்தனமாகத் தின்றார் என்ற பேச்சு வரக்கூடாதென்று மூக்காண்டி பாட்டிலில் பாசி இல்லாமல் தேய்த்திருந்தான்.

இருந்தாலும் அவனுக்கு ஒரு சந்தேகம். உய்க்காட்டானிடம் கேட்டான்.

“அண்ணாச்சி, தலைவர் தண்ணி குடிக்கார்.”

“குடிக்கலாம்லே. உண்ணாவிரதத்துல தண்ணிக்குத் தடையில்ல.”

“அதுலயே குளிக்கவும் செய்யுதாரே?”

அதற்கும் தடையில்லை என்று தீர்மானம் போட்டார்கள்.

மூன்றாம் நாள் கூட்டம் ரோட்டை அடைத்தது. மேலிடத்திலிருந்து போன் வந்தது. தாசில்தார் ஒரு கையில் உத்தரவும் மறுகையில் எலுமிச்சை ஜூஸுமாக ஓடி வந்தார். மடுவை இனி யாரும் தொட மாட்டார்கள், குடித்து முடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

மூன்று கைகள் நீண்டன, நீண்ட வேகத்தில் திரும்பின. முதல் வாய் தலைவருக்கு அல்லவா? மூக்காண்டி ஒரு கரண்டி ஜூஸைப் பாட்டிலின் வாயில் பிடித்தான். மீன் சட்டென்று அடிக்குப் போய் வாயைத் திறந்து திறந்து மூடியது.

“என்னலே சொல்லுதார்?”

“வேண்டாம்ங்கார், அண்ணாச்சி. இன்னும் ஏதோ கோரிக்கை பாக்கி இருக்கு.”

எத்தனையோ போராட்டம் பார்த்தாயிற்று. ஜூஸைக் கண்ட பிறகும் இறங்கி வராத தலைவர் இவர் ஒருவர்தான்.

உய்க்காட்டான் உத்தரவை மடித்துத் தாசில்தாரிடமே நீட்டினார். “தலைவர் ஏத்துக்கிடல சார். மடுவைத் தூர்க்கணும்னா தூர்த்துக்கிடுங்க. தலைவர் பேச்சை மீற முடியாது.”

தாசில்தார் கூட்டத்தைப் பார்த்தார், மறுபடி அடித்துக்கொண்டிருந்த போனைப் பார்த்தார். பிறகு பாட்டிலின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

“ஐயா, உங்களுக்கு வேற என்னதான் வேணும்?”