ஒரு சொட்டும் ஒழுகாத கார்

கோணமங்கலம் எங்கே இருக்கிறது என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அந்த ஊர்க்காரர்களே வழி சொல்ல வந்துவிடுவார்கள். அப்புறம் நீங்கள் உங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சேருவது கஷ்டம்.

அந்த ஊரில் எந்த வேலையையும் ஒரு ஆள் தனியாகச் செய்ய மாட்டார். பாவம், அத்தனை பாரத்தையும் ஒருத்தர் தலையிலேயே ஏற்றலாமா? அதனால் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருத்தர் பார்ப்பார், ஒருத்தர் யோசிப்பார், ஒருத்தர் ஆமாம் போடுவார். பார்க்கிறவர் யோசிக்கக் கூடாது, யோசிக்கிறவர் பார்க்கக் கூடாது. மீறினால் அடுத்தவர் பங்கில் கை வைத்ததாக ஆகிவிடும்.

செண்பகம் வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் அதே ஏற்பாடுதான். பெரியவர் சொக்கையா பார்ப்பார். நடுவுள்ளவர் அழகிரி யோசிப்பார். கடைசித் தம்பி வேலாண்டி ஆமாம் போடுவான். அவன்தான் செண்பகத்தின் புருஷன். கல்யாணத்தன்றைக்கு ஐயர் என்ன சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்றான். நல்ல பணிவான பிள்ளை என்று செண்பகத்தின் அப்பா சந்தோஷப்பட்டார்.

இப்போது செண்பகத்துக்கு நிறைமாதம். தாய் வீட்டில் பார்க்க ஆள் இல்லாததால் பிரசவம் இங்கேதான். ஆஸ்பத்திரி டவுனில் இருக்கிறது. ஊருக்கு வருவது ஒரே ஒரு பஸ். அது காலையில் ஒரு தடவை தலையைக் காட்டும், சாயங்காலம் ஒரு தடவை வாலைக் காட்டும். நடுவில் வலி எடுத்தால் என்ன செய்வது? பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம் என்று அழகிரி யோசித்தார். செண்பகத்தின் கழுத்துச் சங்கிலியை விற்றால் பணம் சரியாக வரும் என்றும் அவரே யோசித்தார். வேலாண்டி ஆமாம் போட்டான். சங்கிலியைக் கழற்றும்போது மட்டும் செண்பகம் தனியாகத்தான் கழற்றினாள்.

அவளுடைய அண்ணன் மருதையா டவுனுக்கு அப்பால் ஒரு கார் பட்டறையில் வேலை பார்க்கிறான். லீவு கிடைக்காததால் போனிலேயே புத்தி சொன்னான். மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்து, சாமி வாக்குக் கேட்கிற மாதிரி கேட்டார்கள்.

"மாப்ளே, நல்லாக் கேட்டுக்குங்க. நீங்க போறப்போ எஞ்சின் சில்லுன்னு இருக்கணும். சூடா இருந்தா, முன்னாடியே ஓட்டி வெச்சு எதையோ மறைக்கிறான்னு அர்த்தம். அடியில குனிஞ்சு பாருங்க, ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. புகை வரக் கூடாது, கடமுடான்னு சத்தம் வரக் கூடாது. ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க. ஒட்டலேன்னா அந்த இடத்துல நசுங்கி, மாவு பூசி மறைச்சிருக்கான். உள்ள இருக்கற சாமான் எதையும் கழட்ட விடாதீங்க. பிடிச்சிருந்தாலும் மூஞ்சியில காட்டிக்காதீங்க, விலையை ஏத்திடுவான். முக்கியமா, ஓட்டிப் பாக்காம வாங்கவே வாங்காதீங்க."

"ஆமாம்" என்றான் வேலாண்டி.

மறுநாள் கிளம்பினார்கள். செண்பகத்தையும் கூட்டிக்கொண்டார்கள். காரில் ஏற்றப்போகிற பாரத்தை ஏற்றிப் பார்க்காமல் எப்படி வாங்குவது?

முதலில் போனது பக்கத்து ஊர் டிரில் மாஸ்டர் பாக்கியநாதன் வீட்டுக்கு. ரிட்டயர் ஆனவர். பிள்ளை மாதிரி வைத்திருந்த வெள்ளைக் கார். ஆட்கள் வருகிறார்கள் என்று துடைத்து, ஒரு ரவுண்டு ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியிருந்தார். செண்பகத்தைப் பார்த்ததும், "வெயில்ல நிக்காதேம்மா, உள்ள உக்காரு" என்று கதவைத் திறந்துவிட்டு ஏ.சி.யும் போட்டார். ஜில்லென்று காற்று முகத்தில் பட்டது. வயிற்றில் இருந்த குழந்தை சுகமாக ஒரு தடவை புரண்டது. இதுதான் நம்ம கார் என்று செண்பகம் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மனசுக்குள்தான். வெளியே சொல்ல அவளுக்குப் பங்கு கிடையாது.

சொக்கையா எஞ்சினை மூடியிருந்த முன்மூடி மேல் கையை வைத்தார். அழகிரி காருக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர்தான் பார்க்கக் கூடாதே.

"சூடு" என்றார் சொக்கையா.

"சூடுன்னா மறைக்கிறான்" என்றார் அழகிரி.

"ஆமாம்."

சொக்கையா குனிந்து அடியில் பார்த்தார். "சொட்டுது."

"அது ஏ.சி. தண்ணிப்பா!" என்றார் டிரில் மாஸ்டர். "நல்லா வேலை செய்யுதுன்னா அப்படித்தான் சொட்டும்!"

அழகிரி கண்ணை மூடி யோசித்தார். "ஒரு சொட்டு ஒழுகக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. இந்தச் சொட்டு ஆகும், அந்தச் சொட்டு ஆகாதுன்னு பிரிச்சுச் சொல்லலையே சார்."

அடுத்தது காந்தம். கதவில் ஒட்டியது. கண்ணாடியில் ஒட்டவில்லை. டயரில் ஒட்டவில்லை. சீட்டிலும் ஒட்டவில்லை.

"கண்ணாடி முச்சூடும் மாவு" என்றார் அழகிரி, வருத்தத்தோடு. "டயர்லயும் மாவைத் திணிச்சிருக்கானே, மனசாட்சி உள்ளவனா?"

சொக்கையா எதையும் விட்டுவைக்கிறவர் இல்லை. டிரில் மாஸ்டரின் நெஞ்சிலும் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை.

"ஆளும் மாவு."

இதற்கிடையில் வேலாண்டிக்கு ஒரு கூடுதல் வேலை கொடுத்திருந்தார்கள். பிடித்திருப்பதை மூஞ்சியில் காட்டாமல் இருப்பது. உள்ளுக்குள் அவனுக்குக் கார் ரொம்பப் பிடித்துவிட்டது. அதை மறைக்க மூஞ்சியைத் தொங்கப் போட்டான். போதவில்லை. உதட்டைப் பிதுக்கினான். அப்புறமும் சந்தோஷம் எட்டிப் பார்க்கவே, சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழ ஆரம்பித்தான்.

"யாருப்பா போயிட்டா?" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா ஓடி வந்தாள். கேட்டுவிட்டுத் தானும் அழுதாள். தெருவே கூடிவிட்டது. மாலையோடு ஓடி வந்த ஒருத்தர், டிரில் மாஸ்டர் உயிரோடு நிற்பதைப் பார்த்து முழித்தார். காசு போட்டு வாங்கின மாலையை வீணாக்க மனசில்லாமல், காருக்குப் போட்டுவிட்டுப் போனார்.

செண்பகம் ஜன்னல் வழியாகப் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, இது நல்லாத்தாங்க இருக்கு. நீங்களாவது சொல்லுங்க."

"எனக்கு மூஞ்சி மட்டும்தான் புள்ளே கொடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவன் விட்ட இடத்திலிருந்து அழுதான்.

"கிளம்பிப் போங்கய்யா!" என்று டிரில் மாஸ்டர் போட்ட சத்தத்தில் பள்ளிக்கூடமே வரிசையில் நின்றிருக்கும்.

திரும்புகிற வழியில் பிச்சுமணியின் காயலான் கடை இருந்தது. பழைய இரும்புக் குவியலுக்கு நடுவே நீலமாக ஒரு கார். முன்மூடி அரைகுறையாகத் திறந்து கிடந்தது.

"இது விலைக்கா?" என்றார் சொக்கையா.

"இதுவா?" பிச்சுமணி சிரித்தான். "இதுல எஞ்சினே இல்லைங்க. எடைக்குப் போடறதுக்கு வெச்சிருக்கேன்."

மூன்று பேரும் ஒதுங்கி நின்று கூடிப் பேசினார்கள்.

"பாத்தியா, எவ்வளவு மட்டமாப் பேசறான்!" என்று அழகிரி கிசுகிசுத்தார். "அவனுக்கு வண்டி அவ்வளவு பிடிச்சிருக்கு. மூஞ்சியில காட்டிக்க மாட்டேங்கறான். விக்க மனசில்லை."

"ஆமாம்" என்றான் வேலாண்டி.

சொக்கையா முன்மூடிக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார். "சூடு! கொத்துது!"

உள்ளே ஒரு கோழி முட்டைகளின் மேல் அடை காத்துக்கொண்டிருந்தது.

"பொறுமையா இருப்போம்" என்றார் அழகிரி. கோழி இரை தேட இறங்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். அது இறங்கினதும் சொக்கையா கையை உள்ளே விட்டுத் துழாவினார். எங்கே தொட்டாலும் இரும்பு சில்லென்று இருந்தது.

"சில்லுன்னு இருக்கு. முட்டையைத் தவிர உள்ள ஒரு தூசு தும்பு இல்லை. காலியா, சுத்தமா இருக்கு."

"எஞ்சினை இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கற மனுஷன் இந்தக் காலத்துல ஏது?" என்றார் அழகிரி.

குனிந்து பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. சாவியைத் திருகினார்கள். புகை இல்லை. சத்தம்? காதை வைத்துக் கேட்டும் சத்தம் இல்லை. காந்தம் போட்ட இடத்தில் எல்லாம் பச்சென்று ஒட்டியது, கண்ணாடி உட்பட. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் தகரம் அடித்திருந்தது.

"ஓட்டிப் பாக்கணும்" என்றார் அழகிரி.

மூன்று பேருக்கும் ஓட்டத் தெரியாது. அதனால் என்ன? செண்பகத்தைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். சொக்கையா முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். வேலாண்டி தலையைக் குனிந்து தள்ளினான். அழகிரி முதுகால் தள்ளினார். கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு. ஒரு மடக்குப் பெட்ரோல் குடிக்கவில்லை.

பிச்சுமணி இரண்டு கையையும் கூப்பினான். "ஐயா, கும்புட்டுச் சொல்றேன், இது ஓடாதுங்க."

"விட்டுக் கொடுக்க மாட்டேங்கறானே" என்று அழகிரி சங்கிலி விற்ற பணம் முழுவதையும் அவன் மடியில் வைத்தார். மனுஷன் எவ்வளவு நேரம்தான் நல்லவனாகவே இருப்பான்? வாங்கிக்கொண்டான். கோழியை எடுத்துக்கொள்ளப் போனவனைச் சொக்கையா தடுத்துவிட்டார். உள்ளே இருக்கிற சாமான் எதையும் கழற்ற விடக் கூடாது என்று மருதையா சொல்லியிருக்கிறானே!

கார் வீட்டு வாசலில் நின்றது. கோழி அதன் பாட்டுக்கு அடை காத்தது. செண்பகம் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு, சாமி, பஸ் நேரத்துக்கு வலியைக் கொடு என்று வேண்டிக்கொண்டாள். அவள் வேறு யாரிடம் கேட்பாள்?

சாமி கேட்டார். ஒருநாள் காலையில், பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இடுப்பில் பளீரென்று வலி எடுத்தது.

"பஸ்ஸுலயே போயிடலாங்க" என்றாள் செண்பகம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வாசல்ல சொந்தக் கார் நிக்கறப்போ பஸ்ஸுல போனா ஊர் சிரிக்காதாம்மா?" என்றார் சொக்கையா. பின்சீட்டில் ஏற்றித் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

ஊரைத் தாண்டினதும் மேடு. ரோடு ஒற்றை ரோடு. வேலாண்டிக்கு மூச்சு வாங்கியது. அழகிரி கண்ணை மூடிக்கொண்டு, செருப்பு தேய முதுகால் நெம்பினார். அதே நேரத்தில் பின்னால் பஸ் வந்து பாம் பாம் என்று ஹாரன் அடித்தது. பின்னால் பார்ப்பது யார் பங்கிலும் இல்லை. அதனால் ஒருத்தரும் திரும்பவில்லை.

"சத்தம் வருது" என்றார் சொக்கையா, முகம் வெளிறி.

"சத்தம் வரக் கூடாதே!" என்றார் அழகிரி. "எஞ்சின்லதான் ஏதோ ஆயிருக்கு. நிறுத்துங்க!"

ஓரங்கட்டி, டயருக்குக் கல் வைத்து, முன்மூடியைத் தூக்கி மூன்று பேரும் உள்ளே தலையை விட்டார்கள். ஒருத்தர் பார்த்தார், ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார், ஒருத்தன் ஆமாம் போட்டான். கோழி மூன்று தலையையும் முறைத்தது.

செண்பகம் கதவைத் திறந்து மெல்ல இறங்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் படியில் ஏறினாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு டிக்கெட்" என்றாள்.

கண்டக்டர் அவள் வயிற்றைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "அவங்க உன் ஆளுங்களாம்மா?"

"இல்லைண்ணே" என்றாள் செண்பகம். வெளி ஆட்களிடம் வெட்கப்பட்டு வாயே திறக்காதவள் முதன்முதலாகச் சொன்ன பொய் அது. நன்றாகத்தான் இருந்தது.

"டிரைவரண்ணே, எங்கேயும் நிறுத்தாதே! நேரா ஆஸ்பத்திரிக்கு விடு!" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். பஸ் ஓரமாக உரசிக்கொண்டு முந்திப் போய்விட்டது.

"சத்தம் நின்னுடுச்சு" என்றார் சொக்கையா. மறுபடியும் தள்ளினார்கள். என்ன ஆச்சரியம், வண்டி முன்னைக்கு இப்போது லேசாகப் போனது.

"பாத்தியா, ஓட ஓடத்தான் வண்டி பழகும்" என்றார் அழகிரி.

"ஆமாம், ஆமாம்" என்றான் வேலாண்டி. சந்தோஷத்தில் இரண்டு தடவை வந்துவிட்டது.

அவர்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கதவைத் திறந்தால் சீட்டில் ஆளில்லை. "எவ்வளவு வேகமா வந்திருக்கோம், வழியில விழுந்தது கூடத் தெரியலையே!" என்று சொக்கையா பதறும்போதே, "செண்பகத்தோட வீட்டுக்காரர் யாரு?" என்று நர்ஸ் துணியில் சுற்றின குழந்தையோடு வெளியே வந்தாள். பெண் குழந்தை. "பாருங்க, அப்படியே அப்பாவை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"ஆமாம்" என்றான் வேலாண்டி.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த செண்பகத்தின் காதில் இது விழுந்தது. அவளுக்கு அன்றைக்கு முழுக்க வராத பயம் அப்போதுதான் வந்தது.

வேலாண்டி கையை நீட்டினான். "பொறுடா!" என்று சொக்கையா தடுத்தார். குழந்தையைத் தொட்டுப் பார்த்தார். "சூடா இருக்கு."

அழகிரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். "அப்ப நாம வர்றதுக்கு முன்னாடியே என்னமோ பண்ணியிருக்காங்க."

குழந்தை வீலென்று கத்தியது.

"சத்தம் வருது."

காந்தம் வைத்தார்கள். ஒட்டவில்லை. சொக்கையா குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகமெல்லாம் ஈரம்.

"ஒழுகுது" என்றார்.

"எடுக்காதே!" என்றார் அழகிரி. "ஏம்மா நர்ஸு, வேற இருந்தா காட்டுங்க."

நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று பேரும் கலங்கவில்லை. ஆறட்டும், காயட்டும், அப்புறம் எடுத்துக்கலாம் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே காரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். தினமும் சொக்கையா போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் சூடு ஆறலை. ஈரமும் போகலை" என்பார்.

செண்பகத்தை வீட்டுக்கு அனுப்பின அன்றைக்குக் காலையில், முன்மூடிக்குள்ளிருந்து கீச் கீச் கீச் என்று விடாமல் சத்தம் கேட்டது.

"ஸ்டார்ட் ஆயிடுச்சு!" என்று துள்ளிக் குதித்தார் சொக்கையா. மூன்று பேரும் அடித்துப் பிடித்து உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

செண்பகம் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பஸ் காரைக் கடந்தபோது எட்டிப் பார்த்தாள். கார் நின்ற இடத்திலேயே நின்றது. வேலாண்டி கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தான். அழகிரி வேகம் தாங்காமல் கண்ணை மூடியிருந்தார். சொக்கையா மட்டும் ஸ்டியரிங்கை விடாமல் ஒரு கையை வெளியே நீட்டி, நீ முந்திப் போ, நாங்கள் மெதுவாக வருகிறோம் என்று பஸ்ஸுக்கு வழி விட்டார்.